பத்தொன்பதாவது கல்

அம்பை உட்கோட்ட அலுவலகத்தில் கோப்பின் மேல் எழுதியிருந்தது:
கருங்காலிமேடு மலைச்சாலை, நீளம் இருபத்து மூன்று கிலோமீட்டர்,
வனத்துறைக்கு ஒப்படைப்பு.
கீழே என் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள்.
அளக்காமல் போடமாட்டேன் என்றேன்.
"போட்டா கையி தேஞ்சிருமாக்கும்" என்றார் தலைமை எழுத்தர்.

அளவுச் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு நான்.
முன்னால் அரிவாளோடு வனக்காவலர் செல்லக்கனி.
காலுறைக்குள் உப்பும் மூக்குப்பொடியும், அட்டைக்கு.
எஸ்டேட் மூடி ஆறு மழைதான் ஆகிறது,
அதற்குள் தாரின் நடுக்கோட்டில் வரிசையாய் ஈச்சங்கன்று.
ஒன்பதாவது வளைவில் யானை லத்தி, இன்னும் ஆவி அடங்காமல்.
"ஹாரன் அடிக்கவும்" பலகையில் கரடி முதுகு தேய்த்த மினுமினுப்பு.

கற்கள் ஒழுங்காகத்தான் நின்றன,
பள்ளிக்கூட வரிசை மாதிரி, கறுப்புத் தலையோடு.
பதினாறு. பதினேழு. பதினெட்டு.
அடுத்தது இருபது.
சக்கரம் சொன்னது: ஆயிரம் மீட்டர்.
திரும்பப் போய் மறுபடி உருட்டினேன்.
ஆயிரத்து இரண்டு.
பிடுங்கிய குழி இருக்குமென்று செல்லக்கனி புல்லை வெட்டிப் பார்த்தார்.
கல் நின்ற மண்ணுக்கு ஒரு நிறம் இருக்கும். அது இல்லை.

பழைய கட்டுகளில் தேடினேன். கரையான் எனக்கு முன்பே படித்திருந்தது.
அறுபத்திரண்டில் மைல் போய் கிலோமீட்டர் வந்த வாரம்,
ஓவர்சீயர் சாலமோன் துரைப்பாண்டியின் சாய்ந்த எழுத்து:
பதின்மூன்று மைல், ஐந்து பர்லாங்கு.
பக்கத்தில், வேறு மையில், இருபத்து மூன்று.
பெருக்கல் பிழையா, பிழைப்பா,
காகிதம் சொல்லவில்லை.
ஊரில் தூரத்துக்கும் கல் என்றுதான் பெயர்.
கல்லே இல்லாமல் ஒரு கல் தூரம்
அன்று பிறந்தது.

நன்றாக வளர்ந்தது.
அறுபத்தேழில் ஜல்லி போட்டார்கள், எழுபத்து நாலில் தார்.
தொண்ணூத்திரண்டு வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போனது;
ஆவுடையப்பன் அன் சன்ஸ் ஐந்தே வாரத்தில் மீட்டுக் கொடுத்தார்கள்.
ஒவ்வொரு முறையும் "அளவு சரிபார்க்கப்பட்டது",
ஒவ்வொரு முறையும் ஆறு கையெழுத்து.
மாவட்டத்திலேயே நல்ல சாலை அதுதான்.
ஒரு குழி விழுந்ததில்லை அதில், ஒரு டயர் வெடித்ததில்லை.
பஸ்ஸில் அதற்கும் ஒரு ஸ்டேஜ் இருந்தது.
தேயிலை கிள்ளிய விரல்கள்
சேலை முந்தியை அவிழ்த்துப்
போகாத தூரத்துக்குப் பத்துப் பைசா கொடுத்தன,
முப்பத்தொரு வருடம்.

அதே கட்டில் ஒரு மனு.
பதினோராவது கிலோமீட்டரில் தடுப்புச் சுவர் வேண்டி
உலகம்மாள், மரியசெல்வம், மற்றும் நாற்பது கைநாட்டு.
மூலையில் பச்சை மையில்: நிதி இல்லை.
தேதி பார்த்தேன். பத்தொன்பதாவதுக்குத்
தார் பில் பாஸான அதே நாள்.

பிறகு நடந்தது கோப்பில் இல்லை.
இறங்கும்போது அந்த வளைவில் செல்லக்கனி
செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.
"லாரி இங்கனதான் உருண்டுச்சு மேடம்.
ஏழு பேரு.
எங்க பெரியம்மையும் அதுல போனா."
சக்கரத்தின் முள் 10,640 காட்டியது.
அதற்கு மேல் எழுத எனக்கு அன்று பத்தி இல்லை.

இருபத்திரண்டு என்று எழுதி அனுப்பினேன்.
திருநெல்வேலியிலிருந்து திரும்பி வந்தது:
பதிவேட்டு நீளத்தோடு ஒத்துப்போகவில்லை.
மறுபடி அனுப்பினேன். மறுபடி வந்தது.
மூன்றாம் முறை இப்படி எழுதினேன்:
இருபத்திரண்டு கிலோமீட்டர்
வனத்துறைக்கு ஒப்படைக்கப்பட்டது;
மீதி ஒன்று, வரிசை எண் பத்தொன்பது,
நம் துறையிடமே இருக்கிறது.

ஒப்புதல் வந்துவிட்டது.

ஜே.சி.பி. மேலேறிக் கற்களைப் பிடுங்கியது.
பதினெட்டின் அடியில் முள்ளம்பன்றியின் ஒரு முள் கிடந்ததாம்.
தாரைக் கொத்தினார்கள்; வித்து தூவ ஆளில்லை,
காடு தன் கைவசம் வைத்திருந்தது.

இந்த ஏப்ரலில் பராமரிப்புப் பட்டியல் வந்திருக்கிறது.
கருங்காலிமேடு மலைச்சாலை, கி.மீ. 18 முதல் 19 வரை,
மேற்பரப்பு புதுப்பித்தல்.
மதிப்பீடு தயாரிக்க
என் பெயர் போட்டிருக்கிறார்கள்.